பதினாலாம் நிலையும் மூன்றாவது பெயரும்

பயத்துக்கு அந்த வீட்டில் ஓர் அளவு இருந்தது. பதினைந்து நிமிடம்.

அண்ணாவின் கைக்கடிகாரம் என் உள்ளங்கையில் கிடக்கும். அவர் கொம்பியூட்டரின் முன்னால் முதுகை வளைத்து உட்கார்ந்து, கடைசிக் காலாளையும் திரையில் அதன் கட்டத்தில் வைத்துவிட்டு, "ஆற்றை முறை?" என்று கேட்பார், அடுத்து நகர்த்துவது யார் என்று. "வெள்ளை" என்பேன். "விடுறன்" என்று ஒரு விசையைத் தட்டுவார். மெஷின் யோசிக்கும். திரையின் அடியில் எண்கள் ஓடும். சோதனை மெஷினுக்குத்தான், எனக்கில்லை என்று எத்தனை தரம் சொன்னாலும் பயம் போனதில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்று. கீழே தண்டவாளம், பாறை, பிறகு கடல். ரயில் போனால் திரையில் இரண்டு ராஜாக்களும் நடுங்குவார்கள். உப்புக்காற்றில் விசைப்பலகையின் உள்ளே துரு ஏறி, சில விசைகளை இரண்டு தரம் குத்தவேண்டியிருந்தது. நாங்கள் இருந்தது ஒரு வீட்டின் பின்பக்க அனெக்ஸில். மாடியில் மட்டக்களப்பிலிருந்து வந்த ஒரு குடும்பம். அண்ணாவுக்குக் கொள்ளுப்பிட்டியில் ஒரு கம்பனிக் கந்தோரில் வேலை. எனக்கு இருபது வயது, பின்னேரங்களில் தட்டெழுத்து வகுப்பு.

அண்ணா செஸ் ஆடுவதில்லை. ஆடினால் என்னிடமே தோற்பார். "நான் விளையாட்டுக்காரன் இல்லையடி, சோதினை வைக்கிறவன்" என்பார். வெளிநாட்டிலிருந்த அவருடைய சிநேகிதர் செஸ் புரோகிராம்களைப் பிளொப்பித் தட்டுகளில் பதிந்து தபாலில் அனுப்புவார். கூடவே இருபத்துநான்கு நிலைகளின் போட்டோப் பிரதி. ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆட்டத்தின் நடுவில் நிறுத்திய பலகை. ஒவ்வொன்றுக்கும் சரியான நகர்வு ஒன்றே ஒன்று. விடையைச் சொல்லாமல் மெஷினுக்கு நிலையைக் கொடுக்கவேண்டும். பதினைந்து நிமிடத்துக்குள் எந்த நொடியில் அது சரியான நகர்வைப் பிடிக்கிறது, பிடித்ததைக் கடைசிவரை விடாமல் வைத்திருக்கிறதா என்று குறிக்கவேண்டும். பிடித்துவிட்டு மனம் மாறினால் கணக்கில்லை. இருபத்துநான்கு நேரங்களையும் சேர்த்தால் அந்தப் புரோகிராமின் பலம் தெரியும். அண்ணா அதை வான்தபாலில் சிநேகிதருக்கு எழுதுவார்.

நிலையை வாசிப்பது என் வேலை. ஒருநாள் ஒரு பக்கத்தில் அடியில் சின்னதாக இருந்த 'கறுப்பின் முறை' என்பதை நான் வாசிக்காமல் விட்டுவிட்டேன். காய்கள் எல்லாம் சரி, ஒரு காலாள்கூடப் பிசகவில்லை. ஆனால் மெஷின் வேறோர் ஆட்டத்தை யோசித்துக்கொண்டிருந்தது. அன்றைய காலைச் சோதனை வீண். அன்றிலிருந்துதான் அண்ணாவின் அந்தக் கேள்வி. ஆற்றை முறை?

பின்னேரங்களில் கரண்ட் வெட்டு. ஆகவே சோதனைகள் காலையில், அண்ணா கந்தோருக்குப் புறப்படுமுன்.

அந்த வீட்டுக்குத்தான் சின்னண்ணா வந்தார். பெரியம்மாவின் மகன். வடக்கிலிருந்து கொழும்புக்கு வர வவுனியாவில் நாட்கணக்காக நின்று எடுத்த பாஸ் ஒன்று, ஒரு தோள்பை, இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு தழும்பு. தழும்பு கிணற்றுக்கட்டில் விழுந்து வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே விழுந்தவர். எனக்கு ஏழு வயது, அவருக்குப் பதினொன்று. ஆனால் கொழும்பில் ஒரு தழும்புக்குத் தன் கதையைச் சொல்ல வாய் கிடையாது. பார்க்கும் பொலிஸ்காரன் போர்க்காயம் என்றால் அதுதான் அதன் கதை.

வெளிநாட்டுக்குப் போகவேண்டும். கொட்டாஞ்சேனையில் ஒரு ஏஜென்ட். அண்ணா கந்தோர் முடிந்து பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய், இருட்டுப்பட்டுத் திரும்பி வருவார். கதவைத் திறக்கும்போதே அவர் முகத்தில் பதில் இருக்கும்.

"என்னவாம்?"

"அடுத்த கிழமையாம்."

"போன கிழமையும் இதைத்தானே சொன்னவன்?"

"அடுத்த கிழமை எண்டால் எல்லாக் கிழமைக்கும் அடுத்த கிழமை ஒண்டு இருக்குதுதானே," என்று சின்னண்ணா பாயில் படுத்தபடியே சொல்லுவார். நாங்கள் சிரிப்போம். சிரித்து முடிந்ததும் வீடு இன்னும் சின்னதாகிவிடும்.

சண்டைக் காலம். தமிழர் வீடுகளில் இருப்பவர்களின் பெயர்களைப் பொலிசில் பதியவேண்டும். யார் வந்தாலும் உடனே போய்ச் சேர்க்கவேண்டும். முத்திரை குத்திய எங்கள் படிவத்தில் இரண்டு பெயர்கள். வீட்டில் மூன்று பேர். நான் ரீ போடும்போது மூன்று கோப்பைகளை எடுத்துவிட்டு ஒன்றைத் திரும்ப வைத்துவிடுவேன். அண்ணாவும் நானும் ஒன்றில் மாறிமாறிக் குடிப்போம். கழுவும் இடத்தில் மூன்று கோப்பைகள் கவிழ்ந்து கிடப்பதை நான் பார்க்கமாட்டாமல் இருந்தேன்.

"இவற்றை பேரையும் பதிவம்," என்றேன் முதல் நாளே.

அண்ணா குரலை இறக்கினார். "பதியப்போனால் ஆளைக் கொண்டுவா எண்டுவாங்கள். கையைப் பாப்பாங்கள். பிறகு அங்கேயே வச்சிடுவாங்கள். கொஞ்ச நாள்தானே. பேசாமல் இருப்பம்."

"பதியாமல் இருக்கேக்கை பிடிச்சால்?"

"வாயைக் கழுவு."

சின்னண்ணாவைக் கேட்டோம். அவர் தழும்பைத் தடவியபடி, "நீங்கள் சொல்லுறபடி" என்றார். அந்த இரண்டு சொற்களில் தன்னுடைய உயிரைத் தூக்கி எங்கள் மடியில் வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

பகல் முழுக்க அவர் வெளியே போவதில்லை. யன்னல் திரையை விலக்குவதில்லை. ஜீப் சத்தம் கேட்டால் குசினிக்குள் போய் அடுப்போடு நிற்பார். குசினிக்குப் பின்கதவு கிடையாது, இருந்தும் போய் நிற்பார். நான் போட்டோப் பிரதிகளையும் நேரங்கள் எழுதிய கொப்பியையும் தினமும் அரிசித் தகரப் பேணிக்குள் புதைத்தேன். எழுத்தும் எண்ணுமாக இருந்த அந்தக் கொப்பியை யாராவது இரகசியக் குறிப்பென்று நினைத்துவிட்டால்? அண்ணா கொப்பியை எடுத்து அரிசியைத் தட்டிவிட்டு, "இண்டைக்கு எத்தினை சுண்டு சோறு சோதிக்கப்போறம்?" என்று கேட்பார். கடைசியில் அந்தக் கொப்பியை ஒருவரும் தேடவில்லை. பயத்துக்குக் கண் சரியில்லை. பாம்பு கிடந்த இடத்தை விட்டுவிட்டுக் கயிற்றைப் புதைத்துக்கொண்டிருந்தேன்.

பதினாலாம் நிலையை எந்தப் புரோகிராமும் பிடிக்கவில்லை. பலகையில் காய்கள் குறைவு. இரண்டு பக்கமும் ஒரு ராஜா, ஒரு கோட்டை, சில காலாட்கள். மெஷின் கோட்டையை அங்குமிங்கும் ஓட்டியபடி பதினைந்து நிமிடத்தையும் தின்றுவிடும். பொறுமையில்லாமல் நான்தான் சொன்னேன்: "அச்சுப் பிழையாயிருக்கும்."

பின்னால் நின்ற சின்னண்ணா, "பிழை இல்லை" என்றார். கரண்டே இல்லாத ஊரில் மரப்பலகையில் ஆடி வளர்ந்தவர். "ராஜாவை ஒரு கட்டம் பின்னுக்கு எடுக்கோணும்."

"எடுத்து?" என்றார் அண்ணா.

"எடுத்துப்போட்டுப் பாத்துக்கொண்டு இருக்கோணும். கறுப்பு இப்ப நிக்கிறபடி நிண்டால் வெள்ளையாலை ஒண்டும் செய்யேலாது, தப்பிடும். ஆனா அதின்ரை முறை. அசையத்தான் வேணும். கோட்டையை அசைச்சால் காலாள் போச்சு. காலாளை அசைச்சால் ராஜாவுக்கு வழி போச்சு. எதை அசைச்சாலும் உடையும்."

அண்ணா தொடையில் அடித்தார். "அதுதான்! நேரம் மிச்சம் பிடிக்க உந்தப் புரோகிராமை எழுதினவங்கள் ஒரு தந்திரம் வச்சிருக்கிறாங்கள். ஒரு பக்கம் தன்ரை முறையைச் சும்மா விட்டாலும் நல்லாய் நிக்குது எண்டால், அந்த வழியை மெஷின் மேலே யோசியாது. அசையிறது எப்பவும் சும்மா இருக்கிறதிலும் நல்லம் எண்டு அதுக்கு ஒரு நம்பிக்கை."

சின்னண்ணா சிரித்தார். "அவங்களைக் கொண்டந்து வெள்ளவத்தையிலை ஒரு மாதம் வச்சிருங்கோ அண்ணை. படிச்சிடுவாங்கள்."

நான் சிரிக்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூலையில் ஒரு கறுப்பு ராஜா. சுற்றிலும் தன்னுடைய ஆட்களே. ஒருவரும் அசையக்கூடாது, அசையவும் வேண்டும்.

ஒரு திங்கட்கிழமை ஆமிக்காரரும் பொலிஸ்காரரும் அடுத்த ஒழுங்கையை வளைத்தார்கள். காலி வீதிப் பக்கம் ஒரு லொறி, கடல் பக்கம் ஒரு லொறி. எங்கள் மதிலுக்கு மேலால் ஒரு பெண் அழும் சத்தம் வந்தது. பிறகு அழுகை லொறி ஏறிப்போனது. அண்ணா கந்தோரில். சின்னண்ணா குசினியில் நின்றார். அவருடைய சேர்ட்டின் முதுகு ஈரத்தில் ஒட்டியிருந்தது. குசினி வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்தேன். எனக்குள் ஏதோ ஒன்று இருப்புக்கொள்ளாமல் எழும்பி நடந்தது.

"வகுப்புக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு, படிவத்தைப் பைக்குள் வைத்து, பொலிஸ் நிலையத்துக்குப் போனேன்.

வரிசை நீளம். வெயில். எனக்கு முன்னால் நின்ற பெண் ஒருவர் தன் குடையில் பாதியை எனக்குத் தந்தார். மேசையில் இருந்த பொலிஸ்காரர் தலை நிமிராமல், சிங்களத்தில், "கீதெனாத?" என்றார். எத்தனை பேர். நான் மூன்று விரல்களைக் காட்டினேன். அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, மூன்றாவது வரியைப் பேனையால் தட்டினார். என் கையாலேயே எழுதினேன். பெயர். வயது. உறவு. வந்த திகதி.

அந்தக் கட்டத்தில் பேனை நின்றது. சின்னண்ணா வந்து பதினெட்டு நாள். பதினெட்டு நாள் ஏன் பதியவில்லை என்று கேட்டால் என்ன சொல்வது? பின்னால் வரிசை நெருக்கியது. நேற்றைய திகதியை எழுதினேன்.

முத்திரை விழுந்த சத்தத்தில் எனக்கு மூச்சு வந்தது. திரும்பி வரும் வழியில் காலி வீதி பூராவும் காலில் எடையில்லாமல் நடந்தேன். இரவுச் சாப்பாட்டுக்கு முன் அண்ணாவிடம் சொல்லிவிடலாம் என்று வசனத்தைக்கூடச் செப்பம் செய்து வைத்திருந்தேன்.

அண்ணா அன்று கதவைத் திறக்கும்போதே சிரித்தார்.

"வியாழக்கிழமை பிளேன். ரிக்கற்றைக் கண்ணாலை பாத்தனான்." சின்னண்ணாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாத்தியாடி? பதிவம் பதிவம் எண்டு நிண்டாய். பேசாமல் இருந்தது எவ்வளவு நல்லதாய்ப் போச்சு" என்றார்.

செப்பம் செய்த வசனத்தை விட்டுவிட்டுச் சோற்றைப் பரிமாறினேன். மூன்று நாள்தானே என்று நானும் நினைத்தேன். முத்திரை குத்திய தாளை எடுத்த இடத்தில் வைத்தேன். செவ்வாய் முழுக்க ஒவ்வொரு வாகனச் சத்தத்தையும் எண்ணினேன்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்குச் சின்னண்ணா கேட்டார்: "போறதுக்கு முன்னம் பதினாலாம் நிலையை ஒருக்கால் புதுப் புரோகிராமுக்கு விட்டுப்பாப்பமே?" அண்ணா காய்களை வைத்தார். ஆற்றை முறை? வெள்ளை. விடுறன். கடிகாரம் என் கையில்.

நாலாவது நிமிடத்தில் மாடிப்படிகளில் பூட்ஸ் சத்தம். ஆறாவது நிமிடத்தில் எங்கள் கதவு.

ஓர் அதிகாரி, இரண்டு பொலிஸ்காரர், வாசலில் ஆமி. அதிகாரியின் கையில் ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. படிவத்தைக் கேட்டார். அண்ணா மேசை லாச்சியிலிருந்து எடுத்தார், விரித்தார், நீட்டப்போன கை பாதி வழியில் நின்றது. மூன்றாவது வரியைப் பார்த்தார். என் எழுத்து அவருக்குத் தெரியாதா? இருபத்துநான்கு நிலைகளின் நேரத்தையும் அந்த எழுத்தில்தானே தினமும் வாசிக்கிறவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் என்னை வெட்டியது. தாளை அதிகாரியிடம் கொடுத்தார்.

"துன்வெனி எக்கெனா?" மூன்றாவது ஆள்.

சின்னண்ணா குசினியிலிருந்து தானாகவே வெளியே வந்தார். பாஸைக் கொடுத்தார். அதிகாரி பாஸை இடது கையிலும் படிவத்தை வலது கையிலும் பிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். திகதி. திகதி. தழும்பை அவர் பார்க்கவேயில்லை. நாங்கள் இருபது நாள் பயந்த தழும்பு நீளக்கை சேர்ட்டுக்குள் சும்மா கிடந்தது. பாஸின்படி அவர் கொழும்புக்கு வந்து இருபது நாளாகிறது. படிவத்தின்படி மூன்று நாள்.

"ஞாயிற்றுக்கிழமை வந்தது எண்டு எழுதியிருக்குது," என்று இளைய பொலிஸ்காரர் உடைந்த தமிழில் சொன்னார். "ஏன் பொய்?"

நான் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன்.

அதிகாரி போகத் திரும்பியவர், திரையைப் பார்த்து நின்றார். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. "செஸ்?" என்றார். அண்ணா தலையாட்டினார். அதிகாரி குனிந்து ஒரு கணம் யோசித்தார், வீட்டுக்கு வந்த மாமா ஒருவர் எட்டிப் பார்ப்பதுபோல. "சுது தினனவா," என்றார். வெள்ளைக்கு வெற்றி. பிறகு சின்னண்ணாவிடம், "யமு" என்றார். போவோம்.

மாடிக் குடும்பத்தில் பதியாத இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். அங்கே தாய், தகப்பன், எல்லோரையும் ஏற்றினார்கள். எங்கள் வீட்டில் ஒருவர் மட்டும். சின்னண்ணா லொறியில் ஏறும்போது செருப்பொன்று கழன்று விழுந்தது. குனிந்து எடுக்க அவரை விடவில்லை.

லொறி காலி வீதியில் ஏறித் திரும்பிய பிறகு, பழக்கதோஷத்தில், "நேரம் முடிஞ்சுது" என்றேன். அந்தக் குரல் என்னுடையதுதான். அண்ணா எழும்பிப் போய்க் கொம்பியூட்டரின் வயரைச் சுவரிலிருந்து பிடுங்கினார்.

வியாழக்கிழமை பிளேன் போனது. அதன் சத்தம் எங்கள் கூரைக்கு மேலால் போனதாகத்தான் எனக்கு ஞாபகம். போயிருக்க முடியாது, விமான நிலையம் வேறு திசை. அண்ணா ஒவ்வொரு நாளும் பொலிசுக்குப் போனார், சட்டத்தரணியிடம் போனார். ஒரு வார்த்தை என்னைக் கேட்கவில்லை. நான் அந்தச் செருப்பைக் கழுவி, வாசலில் வைத்து, எடுத்து, திரும்ப வைத்தேன். ஒன்றை மட்டும் வாசலில் வைப்பது ஆகாது போலிருந்தது. எடுத்து உள்ளே வைப்பது அதைவிட ஆகாது.

ஒன்பதாம் நாள் பின்னேரம் சின்னண்ணா வெறுங்காலோடு வந்தார். மெலிந்து, ஒரு காது பக்கம் வீங்கி. ரீ கொடுத்தேன், மூன்று கோப்பைகளில். அவர் கோப்பையைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

"ஆர் என்னைப் பதிஞ்சது?"

கேள்வி எங்கள் இருவருக்கும் நடுவே நின்றது. என் முறை. நன்றாகத் தெரியும், என் முறை.

"நான்தான்," என்றார் அண்ணா.

சின்னண்ணா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பி, முகம் கழுவப் போனார். நான் அண்ணாவைப் பார்த்தேன். அவர் தலையை மெல்ல ஆட்டினார்: பேசாதே. பேசவில்லை. பேசாமல் இருப்பது அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தச் சுகத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

இரண்டு மாதத்தில் சின்னண்ணா வேறு வழியால் வெளிநாட்டுக்குப் போய்விட்டார். அங்கிருந்து கடிதங்கள் எனக்கே வந்தன. சுகமா, அம்மா சுகமா, தட்டெழுத்து முடிந்ததா. அண்ணாவைப் பற்றி ஒரு வரி கிடையாது. அண்ணா உறையின் மேல் எழுத்தைப் பார்ப்பார், முத்திரையைப் பார்ப்பார், என் மேசையில் வைத்துவிட்டுப் போவார். இருபத்தைந்து வருடத்துக்கு மேல். கடிதம் போய்ப் போன் வந்தது, போனிலும் அப்படித்தான். அண்ணா சோதனைகளைத் திரும்பத் தொடங்கவேயில்லை.

போன மாதம், ஒரு ஞாயிறு காலை, சின்னண்ணா தன் முழங்கால் வலியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நடுவே புகுந்தேன். திட்டமில்லை. அன்றைய திங்கட்கிழமையைப் போலவே கால்கள் முதலில் எழும்பின.

"அண்டைக்கு உங்களைப் பதிஞ்சது நான். திகதியைப் பிழையாய் எழுதினதும் நான்."

என் கண் தானாகக் கடிகாரத்துக்குப் போனது.

"தெரியும்," என்றார்.

"என்ன?"

"உள்ளுக்கு முதல்நாளே அந்தத் தாளைக் காட்டித்தானே கேட்டவங்கள். உன்ரை எழுத்து எனக்குத் தெரியாதே? செஸ் கொப்பியிலை பாத்த எழுத்து."

"தெரிஞ்சுகொண்டோ வந்து கேட்டனீங்கள்? பிறகேன் அண்ணாவோடை..."

"நீ சொல்லுவாய் எண்டு கேட்டனான். நீ சொல்லேல்லை. அவர் சொன்னார்." மூச்சு விட்டார். "உன்னோடை கோவிக்க எனக்கு ஏலாமல் போச்சு. சின்னப் பிள்ளை, நடுங்கிக்கொண்டு நிண்டாய். ஆரோடையாவது நான் கோவிக்கத்தானே வேணும்? அவர் வந்து முன்னுக்கு நிண்டார்."

நான் அழுதேனா என்று தெரியவில்லை. அடுத்த அறையில் அண்ணா பத்திரிகையின் பக்கத்தைத் திருப்பும் சத்தம் கேட்டது. இப்போது அவருக்கு ஒரு காது சரியாகக் கேட்காது. மற்றக் காது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது.

"அண்ணை நிக்கிறாரோ?" என்றார் சின்னண்ணா.

"ஓம்."

"குடு."

போனை எடுத்துக்கொண்டு அந்தப் பத்தடியையும் நடந்தேன். அண்ணா நிமிர்ந்து பார்த்தார். அவர் முகத்தில் அந்தப் புதன்கிழமையின் பயம், ஒரு நாளும் மூப்படையாமல், அப்படியே இருந்தது. போனை நீட்டினேன். அவர் வாங்கிக் காதில் வைத்தார், கேட்காத காதில், பிறகு மாற்றினார்.